ஓட்டையில் பொட்டு வைக்காதீர்கள்

நம் கடையில் விற்கிற ஒவ்வொரு ஹார்டு டிஸ்க் பெட்டியிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். "சாமியிடம் வைக்கலாம். ஓட்டையில் பொட்டு வைக்காதீர்கள்." நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை நான் கவனிக்காமல் இல்லை. உங்களில் ஒருவர் அதைப் படம் பிடித்து, "எங்க ஓனரம்மா கொஞ்சம் ஒரு மாதிரி" என்று எழுதி நண்பர்களுக்கு அனுப்பியதும் எனக்குத் தெரியும். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றி என் மருமகள் போனுக்கே வந்து சேர்ந்தது. யார் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதுகாப்பைப் பற்றி ஊருக்குச் சொல்லித் தருகிற தொழிலில் இருக்கிறீர்கள், போனில் எதை அனுப்பினாலும் அது வீடு திரும்பும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கடையை உங்களிடம் ஒப்படைத்த அன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். சால்வை போட்டீர்கள், கேக் வெட்டினீர்கள், செல்ஃபி எடுத்தீர்கள், பேசத்தான் விடவில்லை. அதனால் அந்த ஸ்டிக்கர் வந்த கதையை எழுதியே தருகிறேன். மெஷினைக் கழற்றவும் மாட்டவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாலு பேர் சுற்றி நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தும்போது கையை எங்கே வைப்பது என்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பாடம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவருக்குக் கல்பாக்கத்தில் அரசாங்க வேலை. குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டேன். பிறகு மாமல்லபுரத்தில் கடை போட்டேன். "லேடீஸா ரிப்பேர் பண்ணுவீங்க?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, ஆனா பில்லு ஜென்ட்ஸ் ரேட்டுதான்" என்பேன். அப்படி முதல் நாளே கேட்டுவிட்டு, இன்று வரை நம் வாடிக்கையாளராக இருப்பவன்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கும் குமரவேல். குமரு என்று கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்பே ஜோடிகளைக் கடற்கரைக்குக் கூட்டிவந்து, அலையில் நிற்க வைத்து, எங்கேயோ தூரத்தில் பார்க்கச் சொல்லிப் படம் எடுப்பதில் அவன் கெட்டிக்காரன். அவன் மனைவி செல்வி ஆல்பம் பார்ப்பாள், கணக்கு பார்ப்பாள், குமருவையும் பார்த்துக்கொள்வாள்.

ஒரு ஆடி மாதம் அவன் கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தான்.

"இன்னாக்கா அநியாயம்! செங்கல்பட்டுல ஒருத்தன் என் போட்டோவ எடுத்து அவன் பேனர்ல போட்டுகினு கீறான். என் பேர அழிச்சிட்டான்க்கா! அந்த மாப்ளைய சிரிக்க வெக்க நான் பட்ட பாடு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான்."

"திருட்டுப் பையன். சும்மா வுடக் கூடாதுக்கா."

"விடக் கூடாது. அது சரி குமரு, அந்தப் போட்டோவ நீ எதுல எடிட் பண்ணுன?"

அவன் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அவன் பயன்படுத்துகிற எடிட்டிங் மென்பொருள் எல்லாமே கிராக் போட்டது. காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூடக் கிடையாது.

"அது வேறக்கா. அவுங்க பெரிய கம்பெனி. அவுங்களுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?"

"பேனர் போட்டவனும் இதத்தான் சொல்லியிருப்பான். குமரு பெரிய ஸ்டுடியோ, அவருக்கு இதெல்லாம் ஒரு மேட்டரான்னு."

"யாரு, என்னயா? பெரிய ஸ்டுடியோன்னா சொன்னான்?" என்று கேட்டானே பார்க்கலாம். வந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

அந்த மென்பொருள்களின் விலையைக் கேட்டால் எனக்கும் தலை சுற்றும். வேறு தேசத்துச் சம்பளத்துக்குப் போட்ட விலை அது. அதனால் வாடிக்கையாளரிடம் ஒழுக்கப் பாடம் எடுக்காதீர்கள். "தப்புங்க" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். நான் குமருவிடம் சொன்னது வேறு. கிராக்கோடு ஒரு குறிப்பு வருமே, "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதைத் திறக்கவும்" என்று, அதை அவனுக்கே சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ராத்திரி கதவத் தட்டுற ஒருத்தன், முதல்ல நாயக் கட்டிப்போடுங்கன்னு சொன்னா கட்டிப்போட்டுட்டுத் தொறப்பியா?" என்று கேட்டேன். சிரித்தான். சிரித்துவிட்டுப் போய் வழக்கம்போல நாயைக் கட்டினான்.

ஆயுத பூஜை வந்தது. அதற்கு மறுநாள், விஜயதசமி காலையில், நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன்.

"அக்கா, எல்லாம் போச்சுக்கா."

"ஐயோ, யாரு?" என்று பதறி எழுந்தேன்.

"ஆளு இல்லக்கா. ஃபைலு."

போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் பூட்டிக்கொண்டன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத வால் ஒன்று முளைத்திருந்தது. பணம் அனுப்பினால் சாவி தருவோம் என்று திரையில் ஆங்கிலத்தில் மிரட்டல். நேற்று பூஜை நாள், எல்லா மெஷினும் அணைந்துதானே இருந்திருக்கும் என்று கேட்டேன்.

"ஆஃப்லதான்க்கா இருந்துச்சு. சாயங்காலம் போரடிச்சிது. புது வெர்சன் ஒண்ணு வந்துகீதுன்னு டவுன்லோடு போட்டேன்."

"ஆயுத பூஜையன்னிக்கு வேலை செய்யலாமா?"

"நான் எங்கக்கா வேல செஞ்சேன்? அது அதும்பாட்டுக்கு தானா டவுன்லோடு ஆவுது. நான் சுண்டல் துன்னுகினு இருந்தேன்."

தொழில் கருவிக்கு ஓய்வு கொடுக்கிற நாளில், வேலை இல்லாத நேரம்தானே என்று திருட்டு மென்பொருளை இறக்குகிற யோசனை நம் ஊரைத் தவிர வேறு எங்கே தோன்றும்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நெட் ஒயரைப் பிடுங்கு, நான் வரும் வரைக்கும் எதையும் தொடாதே என்றேன். நான் போவதற்குள் மூன்று முறை மெஷினை அணைத்துப் போட்டிருந்தான். பயந்தவன் கை சும்மா இருக்காது.

ஸ்டுடியோவில் நுழைந்தால் சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் மிரட்டல் கடிதம். அந்தக் காட்சியை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். குமரு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"பணம் கட்டிடலாம்க்கா. செல்வி செயின வெச்சிட்டு அவன் கேக்குற டப்ப குடுத்துட்டு..."

"பூட்டுனவனேதான் சாவியும் விக்கிறான். அந்தச் சாவி திறக்கும்னு யாரு ஜாமீன்? அவனா?"

"வேற வழி இல்லக்கா. ஜெனிபர் கல்யாண வீடியோ இதுலதான் கீது. இன்னிக்கு மத்தியானம் வாங்க வராங்க."

கல்யாண வீடியோ தாமதமாவது புதிதல்ல. முதல் குழந்தை பிறப்பதற்குள் கைக்கு வந்தால் அந்த வீட்டார் அதிர்ஷ்டசாலிகள். இதற்கு ஏன் இந்த நடுக்கம் என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டதும் நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஜெனிபரின் அப்பா பெயர் பாக்கியநாதன். மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு, கல்பாக்கம் வழியாக மாமல்லபுரம் வருகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் காக்கிச் சட்டை போட்டார். மகள் நாவலூரில் ஐடி கம்பெனிக்குப் போனாள். மே மாதம் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வரவேற்பில் மைக்கைப் பிடித்துக் கலகலப்பாகப் பேசினாராம். அப்போதே குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகுதான் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆளும் இல்லை. வரவேற்பில் போனில் எடுத்தவர்கள் பக்கத்து மேஜைப் பேச்சையும் டிஜே சத்தத்தையும்தான் எடுத்திருந்தார்கள். மைக் செட்டிலிருந்து நேராக ஒயர் இழுத்துத் தெளிவாகப் பதிவு செய்தவன் குமரு மட்டும். கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்கு எப்போதோ அழித்தாயிற்று.

அந்தக் கண்டக்டரை எனக்குத் தெரியும். நான் செங்கல்பட்டுக்குப் படிக்கப் போனதே அவருடைய பஸ்ஸில்தான். "உள்ள போ, உள்ள போ, உள்ள கல்யாண மண்டபம் மாதிரி எடம் கீது" என்று அவர் கூவுவதை நம்பி உள்ளே போனால் மூச்சு விட இடம் இருக்காது. அந்தக் குரல் இப்போது உலகத்திலேயே அந்த ஒரு பதிவில்தான் இருக்கிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

"பேக்கப் எங்க?" என்றேன்.

மேஜை மேல் கறுப்பு டிஸ்க் ஒன்றைக் காட்டினான். மெஷினிலேயே எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க். மெஷினோடு சேர்த்து அதுவும் பூட்டிக்கொண்டது. இதை உங்களுக்கு நூறு முறை சொல்லியிருப்பேன். செருகியே கிடக்கிற டிஸ்க்குக்குப் பேக்கப் என்று பெயர் வைக்காதீர்கள். வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து அதே வளையத்தில் கோர்த்து வைப்பது போலத்தான் அது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், மேஜைக்குப் பின்னால் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். மெஷினிலிருந்து இரண்டு ஒயர் வந்தது. ஒன்றின் நுனியில் அந்த டிஸ்க். இன்னொன்று சும்மா தொங்கியது.

"குமரு, இந்த ஒயர்ல என்ன இருந்துச்சு?"

"இன்னொரு டிஸ்க்கு. ரெண்டுத்துலயும் ஒண்ணேதான் போட்டு வெப்பேன்..." என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "ஐயோ, எங்க அது? அத்த நான் புடுங்கலியே!"

உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுத்தாள். "நான்தான் நேத்து காலீல புடுங்கனேன். பூசைக்கு வெக்க. இன்னா இப்ப?"

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். சாமி படத்துக்கு முன்னால் கேமரா, லென்ஸ், பேட்டரி, ஆல்பம் வெட்டுகிற கத்தி எல்லாம் வரிசையாக இருந்தன. சாமந்திப் பூவுக்கு நடுவில், பொரிக்குப் பக்கத்தில், விபூதிப் பட்டையோடு உட்கார்ந்திருந்தது அந்த டிஸ்க். காலையில் செல்வி அதை எடுத்தாள். குமரு கிராக் போட்டது சாயங்காலம். வந்த திருடன் வீடெல்லாம் பூட்டினான். சாமி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த இது மட்டும் அவன் கைக்கு எட்டவில்லை.

குமரு ஒரே தாவாகத் தாவினான். டிஸ்க்கை எடுத்து அந்த நோய் பிடித்த மெஷினிலேயே செருகிப் பார்க்க வேண்டுமாம். நான் அவன் கையைப் பிடிப்பதற்கு முன்பே செல்வி பிடித்துவிட்டாள்.

"இன்னும் மறுபூசை போடல. கற்பூரம் காட்டாம எடுக்கக் கூடாது."

"அடியே, இங்க உசுரு போவுது!"

"போனா போவட்டும். சாமிக்கு வெச்சத அப்பிடியே வெடுக்குனு எடுப்பியா?"

"செல்வி, நிதானமா காட்டும்மா. ரெண்டு தடவ காட்டு" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குக் குமருவிடமிருந்து அந்த டிஸ்க்கைக் காப்பாற்றியது அந்தக் கற்பூரம்தான். அது எரிந்து அடங்குவதற்குள் அவன் அவசரமும் அடங்கியது. நெருக்கடியில் யாராவது ஒரு சடங்கைச் செய்ய வேண்டும் என்று சொன்னால் தடுக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடம் உங்களுக்குத்தான் லாபம்.

பிறகு டிஸ்க்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒயர் செருகுகிற ஓட்டை முழுக்க சந்தனம். அதன் மேல் குங்குமம்.

"ஏம்மா, இவ்ளோ இடம் இருக்க இங்கயா பொட்டு வைக்கணும்?"

"அது கண்ணு மாதிரி இருந்துச்சுக்கா. அங்கதான வெக்கணும்?"

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்றுதான் இன்று வரைக்கும் நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, மத்தியானம் வரை பொறுக்க முடியாமல், வாசலில் ஜெனிபரும் அவள் அப்பாவும் வந்து நின்றார்கள். குமரு என் காதில், "கரண்டு இல்லன்னு சொல்லிட்டு நாளைக்கு வரச் சொல்லிர்லாம்க்கா" என்றான். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நடந்தது எதுவோ அத அப்படியே சொல்லு. இப்பவே சொல்லு" என்றேன். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். கோப்பு தொலைந்தால் ஒரு நஷ்டம். அதற்கு மேல் பொய்யும் சொன்னால் ஆளும் தொலைவான்.

குமரு சொன்னான். திக்கித் திக்கி, கிராக் வரைக்கும் சொன்னான். ஜெனிபருக்கு முகம் வெளுத்தது, அப்புறம் சிவந்தது.

"ஓசில வருதுன்னு கண்டதப் போட்டு எங்க நைனா குரல அழிச்சிட்டியா?"

"அழியலம்மா. ஒரு டிஸ்க் கெடச்சிருக்கு. அதுல இருக்கலாம்" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

அவ்வளவுதான், பையிலிருந்து தன் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். "குடுங்க மேடம். நானும் ஐடிதான். ஒரு நிமிசம் போட்டுப் பாத்துட்டு எடுத்துடலாம். இருக்கா இல்லியான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"முடியாதும்மா."

"ஏன் முடியாது?"

ஓட்டையில் இன்னும் ஈரம் காயாத சந்தனம் இருக்கிறது, அப்படியே செருகினால் கரண்டு தப்பான இடத்தில் பாய்ந்து டிஸ்க் செத்துப்போகலாம் என்றேன். உள்ளே எந்த வைரஸ் ஒளிந்திருக்கிறது என்று தெரியாது, உன் ஆபீஸ் வரைக்கும் போய்விடும் என்றேன். பழைய டிஸ்க், இன்னும் எத்தனை தடவை ஓடுமோ, ஓடுகிற முதல் தடவையிலேயே நகல் எடுக்க வேண்டும், ஆசைக்குத் திறந்து பார்க்கக் கூடாது என்றேன். எல்லாம் சரியான காரணம்தான். ஆனால் சரியான காரணம் அழுகிறவள் காதில் ஏறுமா?

"உங்களுக்கு இன்னா மேடம், உங்க அப்பா குரலா?" என்று கேட்டுவிட்டாள்.

சுருக்கென்று தைத்தது. குமரு வேறு பக்கத்தில் நின்று, "குடுத்துருக்கா, ஒரே ஒரு தபா பாத்துட்டு..." என்று இழுத்தான். நான் தனியாக, டிஸ்க்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பிடிவாதக்காரி மாதிரி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எல்லாருக்கும் நல்லவளாகிவிடலாம் பாருங்கள். உங்களுக்கும் இந்த நிமிடம் வரும். வாடிக்கையாளர் அழுவார், நீங்கள் சொல்வது கல்நெஞ்சு மாதிரி தெரியும். அப்போது நீங்கள் காக்க வேண்டியது அவருடைய பொருளை. உங்கள் நல்ல பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது மேஜையில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாக்கியநாதன் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டியிருந்தார். ஜெனிபர் உடனே வாயை மூடிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய பேச்சு அதுதானாம். பஸ் உடம்பில் தட்டிப் பழகிய கை. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். என்னைப் பார்த்து, டிஸ்க்கைப் பார்த்து, 'உங்க இஷ்டப்படி செய்யுங்க' என்று கையை விரித்தார். மகளின் லேப்டாப்பை அவரே மூடினார்.

டிஸ்க்கை நம் கடைக்கு எடுத்துவந்தேன். அவர்கள் நாலு பேரும் பின்னாலேயே ஊர்வலமாக வந்தார்கள். பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி, துடைத்து, காய வைத்து, நெட் இணைப்பே இல்லாத நம் பழைய மெஷினில் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. டிஸ்க் மூச்சே விடவில்லை. மறுபடி பிடுங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், ஓட்டையின் ஓரத்தில் குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டுச் செருகினேன். உள்ளே மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வாய்விட்டு "அப்பாடா" என்றேன். கோப்புகள் வால் முளைக்காமல் சுத்தமாக இருந்தன. ஆனால் எதையும் திறக்கவில்லை, நகல் எடுக்கப் போட்டேன்.

நகல் ஓடி முடிய மத்தியானம் முழுக்க ஆனது. செல்வி பூஜைப் பொரியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆளுக்கு ஒரு கை வாங்கிக் கொறித்தோம். ஜெனிபர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேடம், சாரி. ஏதோ கோவத்துல..." என்றாள். "பொரி சாப்பிடு" என்றேன்.

குமரு மூலையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஏன்க்கா, ஓசிலயே, ஆனா திருடாம, எடிட்டிங் சாஃப்ட்வேர் எதுனா கீதா?" என்று கேட்டான். இருக்கிறது, எத்தனையோ இருக்கிறது, எழுதியவர்களே இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றேன். "இத்த ஏன்க்கா இத்தினி நாளா சொல்லல?" என்று என்மேலேயே பாய்ந்தான். சொன்னபோதெல்லாம் அவன் சிரித்தான் என்பது அவனுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது. அன்றிலிருந்து இன்று வரைக்கும் அவன் கிராக் பக்கம் போகவில்லை. சில மென்பொருள் இலவசம், ஒன்று மட்டும் காசு கொடுத்து வாங்கினான். வாங்கிய அன்று ரசீதைச் சட்டம் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினான். மாலை போடாததுதான் பாக்கி.

செல்விதான் அன்றைக்குப் பெரிய விஷயத்தைக் கேட்டாள். "அக்கா, அப்போ வாராவாரம் வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்தும்போது டிஸ்க்க புடுங்கி சாமிகிட்ட வெச்சிட்டா, எவனும் பூட்ட முடியாதில்ல?"

நான் அவளையே பார்த்தேன். எத்தனை வருஷமாக நான் வாடிக்கையாளர்களிடம் "வாரம் ஒரு தடவை நகல் எடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வையுங்கள்" என்று தொண்டை கிழியச் சொல்லியிருப்பேன்! ஒருவரும் செய்ததில்லை. அன்றிலிருந்து, "வெள்ளிக்கிழமை டிஸ்க்கைச் சாமியிடம் வையுங்கள்" என்று மாற்றிச் சொன்னேன். ஊரே செய்கிறது. ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பும் முன்பு பைபிள் பக்கத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சாமி கும்பிடாத ஒருவர் அரிசி டின்னில் வைக்கிறார். எங்கே வைத்தால் என்ன, ஒயரில் இல்லாமல் இருந்தால் சரி. ஸ்டிக்கர் அப்படித்தான் வந்தது. இனி அதைப் படம் பிடித்து அனுப்புகிறவர் இந்தக் கதையையும் சேர்த்து அனுப்பட்டும்.

நகல் முடிந்தது. மூல டிஸ்க்கைக் கழற்றிச் செல்வி கையில் கொடுத்துவிட்டு, நகலிலிருந்து வரவேற்பு வீடியோவைத் திறந்தேன். மேடையில் பாக்கியநாதன், வெள்ளைச் சட்டை, கையில் மைக். அந்தக் குரல் நம் கடைக்குள் நிறைந்தது.

"சாப்புடாதவங்கல்லாம் ஏறு! மூணாவது பந்தி, மூணாவது பந்தி! வாசல்ல நிக்காத, உள்ள போ, உள்ள கல்யாண மண்டபம் மாதிரி எடம் கீது... அட, இது கல்யாண மண்டபம்தான்பா! பொண்ணு மாப்ளைய பாத்தவன் எறங்கு, பாக்காதவன் ஏறு! சில்லற இல்லாதவனுக்கும் பிரியாணி உண்டு!"

குமரு சிரித்தான், செல்வி சிரித்தாள். ஜெனிபர் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவளைப் பார்க்கவில்லை, என் கண்ணைத் துடைக்கவே நேரம் போதவில்லை. பாக்கியநாதன் மட்டும் திரையிலிருந்த ஆளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்ப்பதுபோல.

திரையில் அவர் மகள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது.

"ஜெனி, நைனா உனக்கு டிக்கெட்டு கிழிச்சிட்டேன். இனிமே உங்க வண்டி. பாத்துப் போங்க. போலாம்..."

அவர் வழக்கமாகச் சேர்த்துச் சொல்கிற "ரைட்" வரவில்லை. மைக்கை இறக்கிவிட்டார். வீடியோ அங்கே நின்றது.

பாக்கியநாதன் எழுந்து மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கையை அவள் தலையில் வைத்தார். இன்னொரு கையால் என் மேஜையில் இரண்டு தட்டு தட்டினார்.